ஓர் எழுத்து வராத தந்தி

1

நேற்று என் மனைவி விஜயாவுக்கு இரண்டாம் வருஷத் திதி. ருவைஸில் திதி கொடுக்க ஐயரும் இல்லை, ஆறும் இல்லை. கேம்ப் ரூமில் கற்பூரமாவது ஏற்றலாம் என்றால் கூரையில் பொருத்தியிருக்கும் புகைக் கருவி அலறும். மொத்த பிளாக்கும் லுங்கியோடு வெளியே வந்து நிற்கும். அப்புறம் எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வரும். ஆகவே அவள் படத்தை லாக்கர் மேல் வைத்து, காதர் பாய் கடையில் வாங்கிய இரண்டு வடையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் வடை காய்ந்துபோயிருந்தது. காக்கை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் தேடினேன். கிடைக்கவில்லை, நானே தின்றேன்.

வளைகுடா வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று ஊரிலிருந்து நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். எழுதுவதற்கு இங்கே என்ன இருக்கிறது? அபுதாபியிலிருந்து மேற்கே பஸ்ஸில் மூன்று மணி நேரம் வந்தால் ருவைஸ். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல், நடுவில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. அந்த ஆலைக்கு ஆள் சப்ளை செய்யும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் டைம் கீப்பர். இருபத்திரண்டு வருஷமாக எவன் வந்தான், எவன் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் அரை மணி நேரம் தாமதமாக வந்துவிட்டு பஸ் மேல் பழியைப் போட்டால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த அளவுக்கு இந்த வேலை என் மேல் ஒட்டிப்போய்விட்டது.

ஆனால் இன்றைக்கு நான் எழுதப்போவது ருவைஸைப் பற்றி அல்ல. போன மாதம் இங்கிலாந்தில் என் மகளோடு ஒரு பகல் முழுக்க ஒரு பழைய இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அதைப் பற்றித்தான். ஒருவகையில் இதுவும் வளைகுடா விஷயம்தான், படித்தால் தெரியும்.

2

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு மிஸ்டு கால் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது ஏதாவது ஒரு விதத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் இப்படி. விஜயா துறையூரிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு தடவை அடிப்பாள். இரண்டு மணி அடித்ததும் அவளே வைத்துவிட்டால் அவள் சுகம். அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால், நேரம் கிடைக்கும்போது நான் கூப்பிட வேண்டும். மூன்று தடவை என்றால் உடனே கூப்பிட வேண்டும். மணி அடிக்கும்போதே நான் கட் செய்தால், பார்த்துவிட்டேன், நானும் சுகம், டூட்டியில் இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்துப் பேசுவது மட்டும் கூடவே கூடாது. எடுத்தால் அவளுடைய கார்டில் காசு பறந்துவிடும். ஒரு தடவை ஞாபகப் பிசகாக எடுத்துவிட்டேன். "ஐயோ, ஏங்க எடுத்தீங்க!" என்று கத்திவிட்டு உடனே வைத்துவிட்டாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் இங்கிருந்து கார்டு போட்டுப் பேசியபோது அதற்காகத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

நாலு வருஷம் இந்தச் சட்டத்தில் ஒரு குளறுபடியும் வந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. ஆலையில் ஷட்டவுன் வேலை நடந்துகொண்டிருந்தது. அதாவது எல்லாவற்றையும் நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்து மூடும் நாட்கள். வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது என் ஜன்னலுக்கு வெளியே முந்நூறு பேர் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "ஜல்தி பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்திக் கத்தல். அப்போது செல்போன் அடித்தது. விஜயா. இரண்டு மணி அடித்தது, நிற்கவில்லை. மூன்று, நாலு. வைக்க மறந்துவிட்டாள், அல்லது போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏழு, எட்டு. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கட் செய்தேன். அவளுக்குக் காசு போகாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்திகூட இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே மச்சான் கூப்பிட்டுவிட்டான். விஜயா போய்விட்டாள், மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரி விளக்கு வைக்கும் நேரத்துக்கு எதையோ கேட்க வந்து பார்த்திருக்கிறாள்.

அவள் அன்றைக்குச் சட்டத்தை மீறி என்னோடு பேச நினைத்திருக்கிறாள். நான் கட் செய்தேன். இதை இரண்டு வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. காதர் பாயிடம்கூடச் சொல்லவில்லை, அவரிடம் நான் சொல்லாதது வேறு எதுவும் கிடையாது. இங்கிலாந்திலிருந்து மகள் சுகந்தி டிக்கெட் அனுப்பி, பத்து நாள் வந்து இருங்கள் என்று சொன்னபோது, போய் அவளிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பயமாகவும் இருந்தது. எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். கேட்டுவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் நான் யாருக்கு அப்பன்?

3

போவது அவ்வளவு சுலபமாக இல்லை. பாஸ்போர்ட் என் கையில் இருந்தால்தானே? அது அபுதாபி ஹெட் ஆபீஸ் லாக்கரில், மற்ற எண்ணூறு பாஸ்போர்ட்டுகளோடு கிடக்கும். அதைக் கேட்டு ஒரு லெட்டர், கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு லெட்டர், திரும்பி வந்து வேலையில் சேருவேன் என்று நானே எழுதித் தரும் லெட்டர், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மகள் எழுதிய அழைப்பு. விசா ஃபாரத்தைக் காதர் பாய் கடைக் கல்லாவில் வைத்துத்தான் நிரப்பினோம். அவர் கீழக்கரைக்காரர். பதினெட்டு வருஷமாக இங்கே பலசரக்குக் கடை நடத்துகிறார். கேம்ப்பில் எவனுக்கு ஃபாரம் வந்தாலும் அந்தக் கல்லாவுக்குத்தான் வரும்.

"பயணத்தின் நோக்கம்னு கேட்டிருக்கான். என்னண்ணே போட?" என்றார்.

"மகளைப் பார்க்கன்னு போடுங்க பாய்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார். சிலரிடம் எதையும் மறைக்க முடியாது, ஆனால் அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

லண்டன் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் கவுண்டரில் இருந்தது ஓர் இளம் பெண். எத்தனை நாள், யார் வீட்டில், என்ன வேலை என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். பத்து நாள் முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்றதும் வாயிலிருந்து "கலாஸ்" என்று வந்துவிட்டது, முடிந்தது என்பதற்கு வளைகுடாவில் எல்லாரும் சொல்லும் அரபு வார்த்தை. "கலாஸ், கோ பேக் டூட்டி" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முடிந்தது கதை, அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவளோ சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். மறுநாள் பஸ் டிரைவரை "பாய்" என்று கூப்பிட்டேன். வெள்ளைக்காரர், ரொம்ப மரியாதையாக "குட் பை" என்று சொல்லிக் கையாட்டினார். நான் இறங்குகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

4

சுகந்தி லண்டனுக்கு வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள். சாஃப்ட்வேர் கம்பெனி. மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையாம். எட்டாம் வகுப்பு வரை, நான் அபுதாபி ஆபீசில் இருந்த காலத்தில், அங்கே எங்களோடு இருந்து படித்தவள். அப்போதே அவளுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். வாடகை ஏறியபோது இரண்டு பேரையும் துறையூருக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் அவள் வளர்ந்ததெல்லாம் எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் லீவில் பார்த்ததுதான். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெண் விமான நிலையத்துக்கு வந்து நிற்பது மாதிரி இருக்கும்.

அவள் காலையில் ஏழரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். நான் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜனவரி மாதம், வெளியில் ஒரு ஜீவன் நடமாடாது. ரோட்டில் போகும் நாய்களை எண்ணினேன். எண்ணுவதுதானே எனக்குத் தெரிந்த தொழில். ருவைஸில் ரூமுக்கு நாலு பேர், மூக்கைச் சிந்தினால்கூட பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் "க்யா ஹுவா" என்று விசாரிப்பான். அங்கே தனிமையாக இருக்கிறது என்று புலம்பியவன், சொந்த மகள் வீட்டில் அதைவிடப் பெரிய தனிமையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் ஏதோ சூடு செய்து கொடுப்பாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். "டே எப்படிப் போச்சுப்பா?" "நல்லாப் போச்சும்மா." இரண்டு பேருக்கும் நடுவில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்று இருப்பேன். தட்டைக் கழுவும்போது சொல்லலாம் என்று இருப்பேன். அப்புறம் அவள் "குட் நைட்ப்பா" என்று போய்விடுவாள். இப்படி ஐந்து நாள் போயிற்று.

சனிக்கிழமை காலையில் அவளே ஆரம்பித்தாள். "அப்பா, கோட் போட்டுக்குங்க. பக்கத்துல பிளெட்ச்லின்னு ஒரு ஊர். வேர்ல்ட் வார்ல ஜெர்மன்காரன் அனுப்பின சீக்ரெட் மெசேஜை எல்லாம் உடைச்சுப் படிச்ச இடம். கம்ப்யூட்டர் பொறந்ததே அங்கதான்னு சொல்வாங்க. உங்களுக்குப் பிடிக்கும்."

கம்ப்யூட்டர் என்றால் எனக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு. டைம் ஆபீசில் அது வந்த அன்றைக்கு, இனிமேல் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு மாதம் பயந்திருக்கிறேன். பிறந்த இடத்தைப் போய்ப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

5

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு பெரிய பழைய மாளிகை, ஒரு குளம், சுற்றிலும் மரத்தால் கட்டிய நீளமான கொட்டகைகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்படியே எங்கள் லேபர் கேம்ப். அதே மாதிரி வரிசை, அதே மாதிரி சின்ன ஜன்னல், அதே மாதிரி கதவுக்குக் கதவு நம்பர். யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் இங்கே மூன்று ஷிஃப்டில் வேலை செய்தார்களாம். முக்கால்வாசி இளம் பெண்கள். பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுபோய் விடுவார்களாம். இவர்களுக்கு டைம் கீப்பர் யார் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது.

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் ஓர் அம்மாள். எண்பது வயதைத் தாண்டியிருக்கும், கையில் தடி, ஆனால் குரல் கணீரென்று இருந்தது. பத்தொன்பது வயதில் அவரே அங்கே வேலை செய்தவராம். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியைச் சுகந்தி காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து நாளில் அவள் என்னோடு அவ்வளவு பேசியது அப்போதுதான்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெர்மன்காரர்களின் ரகசிய மெஷின் இருந்தது. எனிக்மா என்று பெயர். பார்த்தால் சாதாரண டைப்ரைட்டர். ஓர் எழுத்தை அழுத்தினால் மேலே வேறோர் எழுத்தில் விளக்கு எரியும். அதே எழுத்தைத் திரும்ப அழுத்தினால் இன்னொன்றில் எரியும்.

"இதுல ஒரு வீக்னஸ் இருந்துச்சாம்ப்பா," என்றாள் சுகந்தி. "எந்த லெட்டரை அழுத்தினாலும் அதே லெட்டரா மட்டும் வராது. ஏ அழுத்தினா ஏயைத் தவிர வேற எது வேணா வரலாம்."

"அதுனால என்ன?"

"இருங்க, சொல்றாங்க. ஒருநாள் ஒரு மெசேஜ் வந்துச்சாம், நல்லா நீளமா. இங்க ஒரு பொண்ணு அதைப் பார்த்துட்டே உக்காந்திருக்கா. ஏதோ குறையுதேன்னு தோணுச்சாம். பார்த்தா, அவ்வளவு பெரிய மெசேஜ்ல எல்ங்கற லெட்டர் ஒண்ணுகூட இல்ல."

"அச்சுல விட்டுப்போச்சோ?"

"இல்லப்பா. அனுப்பினவன் ஒரு சோம்பேறி. சும்மா ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்புடான்னு சொல்லியிருக்காங்க. அவன் என்ன பண்ணான், எல் கீயிலயே விரலை வெச்சு அழுத்திட்டே இருந்திருக்கான். எல், எல், எல். அதனால எல் தவிர மத்த லெட்டர் எல்லாம் வந்திருக்கு. அதை வெச்சே அன்னைக்கு மெஷினோட செட்டிங்கைக் கண்டுபிடிச்சிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மாதிரி ஆசாமி எல்லா டைம் ஆபீசிலும் ஒருத்தன் இருப்பான். எங்கள் ஆபீசில் இருந்தவன் முப்பது நாளுக்கும் ஒரே கையெழுத்தை முதல் நாள் காலையிலேயே போட்டு வைத்துவிட்டு மாட்டிக்கொண்டான். இதைச் சொன்னால் சுகந்தி சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மேலே ஏதோ சொல்லிக்கொண்டு போனார், அதை அவள் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கொட்டகைக்குள் நுழைந்ததும் முகத்தில் சூடு அடித்தது. இங்கிலாந்து வந்து முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றினேன். சுவரை அடைத்துக்கொண்டு ஓர் இராட்சச மெஷின், பழைய ரேடியோக்களில் இருக்குமே அந்த மாதிரி வால்வுகள் ஆயிரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. எனிக்மாவைவிடச் சிக்கலான இன்னொரு ரகசியத் தந்தியை உடைப்பதற்காகக் கட்டியதாம். ஓட்டை போட்ட காகித நாடா ஒன்று சக்கரங்களில் விர்ரென்று ஓடியது. அதிலிருக்கும் ஓட்டைகளைத்தான் மெஷின் படிக்கிறது. எங்கள் பழைய பஞ்ச் கார்டும் இதே ஜாதிதான். திட்ட வந்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

யுத்தம் முடிந்ததும் இந்த மெஷின்களை உடைத்துப்போட்டு, வரைபடங்களையும் எரித்துவிட்டார்களாம். வேலை செய்தவர்கள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. முப்பது வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே நிற்பது, மிச்சமிருந்த சில போட்டோக்களையும் சில கிழவர்களின் ஞாபகத்தையும் வைத்துத் திரும்பக் கட்டியது. கூட்டத்தில் ஒருவர் அந்த அம்மாளிடம், "உங்கள் பெற்றோருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அவர் சொன்ன பதில் எனக்கே புரிந்தது. அவ்வளவு எளிமையான இங்கிலீஷ்.

"யுத்தத்தின்போது நான் எங்கோ ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் என் அப்பா சாகும்வரை நினைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் நர்ஸாகப் போனார்கள், நீ ஏன் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம், அவர் இல்லை." இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போகலாம் என்று தடியைத் தூக்கிக் காட்டினார்.

6

சுற்றி முடித்ததும் அங்கேயே இருந்த கேன்டீனில் உட்கார்ந்தோம். சுகந்தி இரண்டு டீயும் ஒரு கேக்கும் வாங்கி வந்தாள். டீ வெந்நீர் மாதிரி இருந்தது. அவள் கேக்கை முள்கரண்டியால் துண்டு துண்டாக வெட்டினாள், வாயில் போடவில்லை.

"அப்பா, அந்த எல் கதை சொன்னேன்ல."

"ஆமா. நல்ல ஆளு அவன்."

"துக்க வீட்டுல, அம்மா போன அன்னைக்கு நடந்ததை நீங்க எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க தெரியுமா? வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒரு இருபது தடவையாவது கேட்டிருப்பேன்."

சொன்னேன்தான். நம் ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் நான் தாமதமாக வந்த புருஷன். ஷட்டவுன், ராத்திரி போன் வந்தது, மறுநாள் வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு, பாஸ்போர்ட் லாக்கரின் சாவி வைத்திருந்த ஆள் துபாய்க்குப் போயிருந்தது, சனிக்கிழமை அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வாங்கியது, ஃப்ளைட். எனக்கு அது மனப்பாடம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதுல போன் வரவே இல்லப்பா," என்றாள். "மாமா கூப்பிட்டது வரும். அம்மா போன் வராது. டெய்லி ஈவினிங் அவங்க உங்களுக்கு அடிப்பாங்க. அன்னைக்கு அடிச்சாங்கன்னு நீங்க சொல்லல. சரி, அடிக்கலைன்னாவது சொல்லியிருக்கணும்ல? 'பாவி மக, அன்னைக்குன்னு பார்த்து ஒரு மிஸ்டு கால்கூடக் குடுக்கலையே'ன்னு. யாரா இருந்தாலும் அதைத்தானே முதல்ல சொல்லி அழுவாங்க. நீங்க அந்தப் பக்கமே போகல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆறு நாளாக வாயில் வைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். முந்நூறு பேர் நின்றது, போன் மணி எட்டு தடவை அடித்தது, அவள் வைக்க மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தாம்மா கட் பண்ணேன்" என்று சொல்லும்போது குரல் எனக்கே வேற்று ஆளுடையது போலக் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேக் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியும்ப்பா," என்றாள்.

"அம்மா போன்ல பார்த்தியா?"

"அம்மாவே சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. அம்மாவோடு கடைசியாக முந்தின நாள்தான் பேசினேன் என்று துக்க வீட்டில் அவளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

"உங்களுக்கு அடிச்சிட்டு அப்புறம் எனக்கு மிஸ்டு கால் குடுத்தாங்க. எனக்கு லஞ்ச் டைம். கார்டு போட்டுக் கூப்பிட்டேன். 'அப்பாவுக்கு அடிச்சேன், எடுத்தா ரெண்டு வார்த்தை பேசலாம்னு பார்த்தேன், கட் பண்ணிட்டாரு, கூட்டமா இருக்கும்போல'ன்னாங்க."

"கோவமா சொன்னாளா?"

"இல்ல. சிரிச்சாங்க. 'நல்லாத்தான் இருக்காரு, அது போதும்'னாங்க."

அந்த ஒரு நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக நான் அதைத்தான் தெரிந்துகொள்ள ஏங்கியிருந்தேன். அவளுக்கு என் மேல் வருத்தம் இல்லை. இதை இவ்வளவு நாள் என்னிடம் சொல்லாமல் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்கப்போனேன். நிமிர்ந்து பார்த்தால் சுகந்தியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அதுக்கப்புறம் நெஞ்சு கரிக்குதுன்னாங்கப்பா. தோள்பட்டையெல்லாம் இழுக்குது, வேர்த்து வேர்த்து வருதுன்னாங்க. எனக்கு ஒரு மணிக்கு மீட்டிங் இருந்துச்சு. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே பேசிட்டிருந்தேன். 'கேஸாத்தான்ம்மா இருக்கும், ஓமத் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் படு, ஈவினிங் கூப்பிடறேன்'னு சொன்னேன். சரிம்மான்னாங்க."

அவள் முள்கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஐ ஷுட் ஹேவ் நோன். தோள்பட்டைன்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாலு நிமிஷம் பேசினேன்ப்பா. நீங்க எடுக்கவே இல்ல. நான் எடுத்தேன். என்கிட்ட சொன்னாங்க. அம்மா சிரிச்சதை உங்ககிட்ட சொல்லணும்னா, இதையும் சொல்லணும். அதான் சொல்லல. நீங்க ஒவ்வொரு தடவையும் அந்த லாக்கர் சாவிக் கதையைச் சொல்லும்போது, நான் சொல்லாததால நீங்களும் இதுல மாட்டிக்கிட்டிருக்கீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்று மூவாயிரம் மைல் தாண்டி வந்தவன் நான். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்து வந்தவன் இல்லை. உன் மேல் தப்பில்லையம்மா என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். தப்பு கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. விதி என்று சொல்லலாம். அதை இருபது பேர் எனக்குச் சொன்னார்கள், ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தச் சாயங்காலத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஜன்னல், கூட்டம், கையில் அடித்துக்கொண்டிருக்கும் போன். இரண்டு வருஷமாக அதை நினைத்திருக்கிறேன். ஆனால் எப்போதும் கட் செய்யும் இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மனதுக்குள் அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன்.

"சுகந்தி, இங்க பாரு. எடுத்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மா நெஞ்சு கரிக்குதுன்னா நான் என்ன சொல்லுவேன்? ஓமத் தண்ணி குடி, போய்ப் படுன்னுதான் சொல்லுவேன். இருபத்தஞ்சு வருஷமா அதைத்தானே சொல்லியிருக்கேன். அதுவும் ஒழுங்காச் சொல்லியிருக்க மாட்டேன். முந்நூறு பேரு நிக்கிறான், இப்பப் போயி உன்னை யாரு அடிக்கச் சொன்னதுன்னு எரிஞ்சு விழுந்துட்டு வெச்சிருப்பேன். உங்கம்மா கடைசியா அதைக் கேட்டுட்டுப் போயிருப்பா. நீ நாலு நிமிஷம் பேசியிருக்க."

"நிஜமாவாப்பா?"

"நிஜம்."

ஆறுதலுக்காகச் சொன்னேனா என்று அவள் என் முகத்தில் தேடினாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி தமிழில் அழுதாள். துக்க வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஜை துடைக்க வந்த பெண் தயங்கி நின்றாள். நான் என் நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.